ஊசிக்கு வழி சொன்ன மாமா

மாமாவின் கல்லீரலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. அது புற்றா இல்லையா என்று தெரிய, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டு ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். நோயாளியின் வேலை ஒன்றுதான். சொல்லும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து விநாடி சும்மா இருக்க வேண்டும். மாமா சும்மா இருந்ததாக எங்கள் குடும்பத்தில் பதிவு எதுவும் இல்லை.

இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். அத்தை வீட்டைப் பெருக்கினால்கூட, "மூலையில ஒடி, ஒடி, இப்ப ரிவர்ஸ் எடு" என்பார். ஒரு வாரமாக அத்தை கையில் கடிகாரத்தோடு அவருக்கு மூச்சுப் பயிற்சி கொடுத்தாள். அதிகபட்சச் சாதனை நாலு விநாடி. ஐந்தாவதில், "எத்தனை ஆச்சு?" என்று கேட்டுவிடுவார்.

ஆஸ்பத்திரியில், கை பிடிக்க ஒரு ஆள் உள்ளே வரலாம் என்றார்கள். அத்தை என்னைத் தள்ளிவிட்டாள்.

"நான் வந்தா அழுதுருவேன். உனக்குத்தான் எதுக்கும் அழுகை வராதே, நீ போ."

பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

டாக்டர் ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தினார். மரத்துப்போக ஒரு ஊசி போட்டார்.

"கட்டி எங்க இருக்கும்மா?" என்றார் மாமா.

"திரையில கறுப்பா தெரியுது பாருங்க. அதை நோக்கி வெள்ளைக் கோடு மாதிரி ஊசி போகும்."

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

ஒன்று. இரண்டு. வெள்ளைக் கோடு உள்ளே நுழைந்தது. மூன்று.

"லெஃப்ட்ல ஒடிங்கம்மா."

மூச்சு போனது. கல்லீரல் நகர்ந்தது. டாக்டர் ஊசியை வெளியே இழுத்துக்கொண்டார்.

"ஐயா, பேசினா லிவர் ஆடுது. பக்கத்துலயே ரத்தக்குழாய் போகுது, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். அதனாலதான் லெஃப்ட்டுன்னேன்."

நர்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"இன்னும் ஒரே தடவை. முடியலைன்னா பத்து நாள் கழிச்சு வேற தேதிதான்" என்றார் டாக்டர்.

மாமா என் பக்கம் திரும்பினார். "வேணும்னேவா பேசறேன், மாப்ளே? பயத்துல வாய் தானா ஓடுது. இன்னும் பத்து நாள் தெரியாமலே இருந்தா உங்க அத்தை தாங்க மாட்டா."

அவர் வாய் மூடியிருக்கும் இடம் ஒன்றே ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். லைசென்ஸ் டெஸ்ட். முன்சீட்டில் அதிகாரி, பின்சீட்டில் மாமா. வாய் திறந்தால் ஓட்டுகிறவர் ஃபெயில். இதுவரை ஒருவரையும் அவர் அப்படிக் கவிழ்த்ததில்லையாம்.

"மாமா, டாக்டரம்மாவுக்கு இன்னிக்கு டெஸ்ட்டு. நர்ஸம்மாதான் அதிகாரி. நீங்க பின்சீட்டு."

மாமா நர்ஸைப் பார்த்தார். அந்தப் புண்ணியவதி முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு தாளில் ஏதோ குறித்தார்.

டாக்டர் சொன்னதும் மாமா மூச்சைப் பிடித்தார். ஐந்து. ஆறு. ஊசி ரத்தக்குழாயைத் தாண்டும்போது மாமாவின் புருவம் மட்டும் இடப்பக்கம் ஒடித்தது. ஊசியின் ஸ்பிரிங் 'டக்' என்றது. நூலிழை போல ஒரு துணுக்கு குப்பிக்குள் இறங்கியது.

"பாஸா?" என்று நர்ஸிடம் கேட்டார் மாமா.

"அவங்க பாஸ். உங்க ரிசல்ட் அடுத்த வாரம்."

அந்த வாரம் முழுக்க அத்தை யாருடைய போனையும் எடுக்கவில்லை. எட்டாம் நாள் மூவரும் போய் உட்கார்ந்தோம். டாக்டர் தாளைப் பிரித்துப் படித்தார்.

"புற்று இல்லை. சாதாரணக் கட்டிதான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பாத்தா போதும்."

"இன்னொரு தடவை படிங்கம்மா" என்றார் மாமா.

படித்தார்.

"கொஞ்சம் நிறுத்திப் படிங்க" என்றாள் அத்தை, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி.

மூன்றாம் முறையும் படித்தார். கதவருகே டோக்கனோடு நின்றிருந்த அடுத்த நோயாளி மெல்ல உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், எனக்கும் அதையே படிச்சிருங்க."