பற்றவைக்காத வாசம்

நிரஞ்சனியின் மூக்கைப் பற்றி வத்தேகமயில் ஒரு பேச்சு உண்டு. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கும் ஒரு கடையில் அவள் ஒன்பது வருடமாகச் சரக்குப் பார்க்கிறாள். மூட்டையைப் பிரித்து ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனால் போதும். இந்தக் கராம்பு வெயிலில் காய்ந்ததா, அடுப்புச் சூட்டில் காய்ந்ததா, நடுவில் ஒரு நாள் மழையில் நனைந்துவிட்டு இப்போது ஒன்றும் தெரியாத மாதிரி வந்து நிற்கிறதா என்று சொல்லிவிடுவாள். சரக்குக் கொண்டுவருகிறவர்கள் யாரும் அவளிடம் வாயைக் கொடுப்பதில்லை.

அப்படிப்பட்ட மூக்கு போன ஞாயிற்றுக்கிழமை கட்டுகஸ்தோட்டையில் அவளுடைய சொந்த வீட்டிலேயே, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், வகையாக மாட்டிக்கொண்டது.

மாப்பிள்ளையின் பெயர் யுகேஷ். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. அம்மா கஜலட்சுமியோடு வந்திருந்தார். நிரஞ்சனி தேத்தண்ணித் தட்டோடு அவர் முன்னால் குனிந்தபோது சட்டைப் பக்கமிருந்து ஒரு வாசம் வந்தது. கறுவாப் பட்டை இருந்தது, அது உடனே பிடிபட்டது. ஒரு துளி கராம்பு, அதுவும் பிடிபட்டது. மேலே ஒரு இனிப்பு, வனிலா என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது. உலர்ந்த திராட்சை மாதிரியும் இருந்தது, வெயிலில் கிடந்த புல் மாதிரியும் இருந்தது, இரண்டும் இல்லை. எங்கேயோ மோந்த வாசம். ஆனால் பெயர் வரவில்லை.

பெயர் தெரியாத வாசத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக நிரஞ்சனியால் முடியாது. தட்டை நீட்டியபடி நின்றுவிட்டாள். மாப்பிள்ளை கோப்பையை எடுத்துக் குடிக்கவும் தொடங்கிவிட்டார். இவள் நகரக் காணோம். பெண்ணுக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்று சபையில் ஆளுக்கு ஆள் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு அம்மா அன்னலட்சுமி, "ஆளு எப்படி?" என்று கேட்டபோது, அவருக்கு மீசை இருந்ததா இல்லையா என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

பெண் வீட்டார் தரகரிடம் சொல்லியிருந்தது ஒரே ஒரு நிபந்தனை: சிகரெட் குடிக்கிறவர் வேண்டாம். அப்பா இராமநாதன் அதில்தான் போனார். நான்கு வருடமாகிறது. கடைசி ஆறு மாதம் அவர் மூச்சுக்குப் பட்ட பாட்டை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. நோய் வருமுன் அவர் எத்தனையோ தடவை சிகரெட்டை விட்டார். ஒவ்வொரு தடவையும் மகளுடைய தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துதான் விட்டார்.

தரகர் நிபந்தனையைச் சொல்லியிருப்பார் போல. கஜலட்சுமி உட்கார்ந்த உடனேயே, "எம் மகன் சிகரெட்டக் கையால தொட்டது கெடையாதுங்க" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். மாப்பிள்ளை வாசலில் கழற்றிவிட்டிருந்த தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிரஞ்சனியின் அண்ணன் ஜனகன் சிகரெட் குடிக்காதவன். ஆனால் துப்பறியும் ஆசை நிறைய உள்ளவன். அன்று காலையிலேயே சந்திக் கடையில் ஒற்றைச் சிகரெட் வாங்கிப் பையில் வைத்திருந்தான். கிளம்பும் நேரத்தில் மாப்பிள்ளையைத் தனியாக வாசல் பக்கம் கூட்டிப்போய், நல்ல சிநேகிதன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதை நீட்டினான். அவர்கள் போனதும் வீட்டுக்குள் வந்து தீர்ப்புச் சொன்னான்.

"குடிக்கல. ஆனா வாங்கினாரு. வாங்கி மோந்து பாத்துட்டு, வேணாம்னு திருப்பிக் குடுத்தாரு. குடிக்காதவன் எதுக்கும்மா மோந்து பாக்கணும்? உடுப்புலயும் புகையிலை வாசம். எனக்கு வந்திச்சு."

புகையிலை என்ற சொல்லைக் கேட்டதும் நிரஞ்சனிக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. அண்ணன் சொன்னது சரியும் இல்லை, முழுப்பிழையும் இல்லை. சிகரெட் குடித்தவரின் நாற்றம் அவளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்தேழு வருடம் அதோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். அது புளித்துப்போய், சாம்பலும் ஈரமுமாக உடுப்பில் ஒட்டிக் கிடக்கும். இது அப்படி இல்லை. இதை இன்னொரு தடவை மோக்க வேண்டும்போல இருந்தது, அதுதான் அவளுக்குச் சங்கடம்.

வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாகப் பேச்சு. அம்மா தயங்கினார், அண்ணன் வேண்டாம் என்றான், நிரஞ்சனிக்கு அந்த வாசத்திலேயே நினைப்பு. மாப்பிள்ளையின் சாதகக் குறிப்பு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தடியில் இருந்தது. அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். புதன்கிழமை காலை அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் அதை எடுத்து மோந்து பார்த்தாள். மஞ்சள், சாம்பிராணி, காகிதம். மடிப்பை விரித்தாள். சனி இருந்த கட்டத்துக்குப் பக்கத்தில் அந்த வாசம் அப்படியே இருந்தது.

ஒரு பெண் மாப்பிள்ளையின் சாதகத்தைக் கொண்டுபோய்ச் சோதிடரிடம் காட்டலாம். அத்தர்க் கடையில் காட்டுவது எந்த ஊர் வழக்கமோ. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கண்டியில் சந்தைக்குப் பின்னாலுள்ள சந்துக்குள் நுழைந்தாள். அங்கே ஹுஸைன் என்பவரின் கடை. கண்ணாடி அலுமாரிகளில் வரிசையாகக் குப்பிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நூல்.

அவள் சாதகத்தை நான்காக மடித்து, பெயர் தெரியாதபடி விரலால் மூடிக்கொண்டு நீட்டினாள். "நானா, இதுல என்ன வாசம்னு பாத்து சொல்லுவீங்களா?"

ஹுஸைன் மோந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் மோந்தார். பிறகு காகிதத்தைத் திருப்பினார். ராசிக் கட்டமும் மஞ்சளும் தெரிந்தன. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"முப்பது வருசமா கடை வச்சீக்கிறேன் தங்கச்சி. சாதகம் பாக்க இண்டைக்குத்தான் ஒராள் வந்தீக்கி."

நிரஞ்சனிக்கு முகம் சூடானது. ஆனாலும் விடவில்லை. "கறுவா இருக்கு, கராம்பு இருக்கு. வனிலா மாதிரி ஒண்ணு. அடியில இருக்கிறதுதான் தெரியல. எங்க அண்ணன் புகையிலைங்கிறாரு."

அவர் அவளை வேறு மாதிரிப் பார்த்தார். கராம்பைத் தனியாகப் பிடித்த வாடிக்கையாளர் அவருக்குக் கிடைத்ததே இல்லை. அலுமாரியின் மேல் தட்டிலிருந்து ஒரு சின்னக் கறுப்புக் குப்பியை எடுத்து, ஒரு காகிதக் கீற்றில் தொட்டுக் கொடுத்தார். "இது தனிப் புகையிலைத் தைலம். நெருப்புப் படாத இலை. மோந்து பாருங்க."

அதுதான். கறுவாவும் வனிலாவும் விலகிப்போக, அந்த அடி வாசம் மட்டும் தனியாக வந்து நின்றது. உலர்ந்த திராட்சை, தேன், காய்ந்த புல். புகை துளிகூட இல்லை. ஒரு இலைக்குள் இவ்வளவு இருக்கும்போது மனிதர்கள் எதற்காக அதை எரிக்கப் போனார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த நிமிடம் அது எங்கே மோந்த வாசம் என்பதும் தெரிந்துவிட்டது. அப்பா மாதச் சம்பளத்தன்று புதுப் பாக்கெட் உடைப்பார். உள்ளே இருக்கும் மினுங்கல் தாளை அவளிடம் கொடுப்பார். ஆறு வயதில் அவள் அதைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து, வகுப்பில் ஒளித்து ஒளித்து மோப்பாள். அப்பா போன பிறகு அந்த வாசம் தனக்குப் பிடித்திருந்தது என்பதே ஒரு குற்றம்போல ஆகி, அதை அவள் தன்னிடமே சொல்லிக்கொள்ளாமல் விட்டிருந்தாள்.

"இந்தக் கலவை நான் செஞ்சது" என்றார் ஹுஸைன். "ஒராள் வந்து கேட்டார். புதுப் பாக்கெட்ட ஒடச்ச ஒடனே ஒரு வாசம் வருமே நானா, பத்தவைக்க முந்தி, அது மட்டும் வேணும்ண்டு செல்றார். நான் எத்தனையோ கலந்து பாத்தன். வனிலா போட்ட பொறகுதான் சரியாச்சு. சிகரெட் நெனப்பு வந்தா இத மோந்துகொள்றாராம். ஆரு எண்டு நான் செல்ல மாட்டேன்." பிறகு கையிலிருந்த காகிதத்தில் பெயரைப் பார்த்துவிட்டு, "நான் செல்லத் தேவையும் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதே கலவையில் ஒரு சின்னக் குப்பி வாங்கிக்கொண்டு நிரஞ்சனி வெளியே வந்தாள். எதற்கு வாங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. இப்போது விஷயம் முழுதாகக் கையில் இருந்தது. அவர் குடித்திருக்கிறார். அவருடைய அம்மா சபையில் பொய் சொல்லியிருக்கிறார். அவர் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் அண்ணன் அரை மணி நேரத்தில் கதையை முடித்துவிடுவான். நியாயமும் அவன் பக்கம்தான். ஆனால் அவர் வாயால் என்ன வரும் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பதில் போகுமுன் பெண் மாப்பிள்ளையைத் தேடிப் போவது கேள்விப்படாத காரியம். பேராதனை பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.

நூலகத்தில் புத்தகங்களைத் திரும்பப் பெறும் மேசையில் யுகேஷ் இருந்தார். மீசை இருந்தது. வாயில் ஒரு நெருப்புக் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் அதைக் கைக்குள் ஒளித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் வெளியே படிக்கட்டுக்கு வந்தார்கள். அவரிடம் அந்த வாசம் இல்லை. வெறும் சவர்க்கார வாசம்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். "சிகரெட் குடிப்பீங்களா?"

அவர் அவசரப்படவில்லை. "குடிச்சேன். பத்து வருசம். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு. விட்டுப் பதினொரு மாசம். அம்மா சொன்னது பொய். அங்கயே சொல்லியிருக்கணும். எல்லாருக்கும் முன்னால அவங்கள மறுத்துப் பேச வாய் வரல."

"எங்க அண்ணன் குடுத்தப்ப?"

"வாங்காம இருந்திருக்கணும். கை வாங்கிடுச்சு. மூக்குக்கிட்ட போயிடுச்சு." அவர் வெட்கத்தோடு சிரித்தார். "அன்னைக்குப் பதட்டத்துல சிகரெட் நெனப்பு வந்துடும்னுதான் புகையிலை வாச அத்தர் ஒண்ணப் போட்டுட்டு வந்தேன். சிகரெட்டே ஆகாதுங்கிற வீட்டுக்கு அதப் போட்டுட்டு வந்திருக்கேன் பாருங்க. உங்க அண்ணன் வாசத்தப் பத்திச் சொன்னாராம், விசயம் கெட்டுடும் போலன்னு தரகர் சொன்னாரு. அதுலருந்து தொடல. மூணு நாளா நெருப்புக் குச்சியக் கடிச்சிட்டுத் திரியிறேன்."

நிரஞ்சனி அடுத்ததற்காகக் காத்திருந்தாள். இனிமேல் சத்தியமாகத் தொடமாட்டேன், உங்கள் மேல் ஆணை என்று வரும். அப்படி வந்தால் திரும்பிப் போய்விடுவது என்று உள்ளுக்குள் முடிவும் செய்திருந்தாள். அவளுடைய தலையில் வைத்த சத்தியங்கள் ஏற்கெனவே போதுமான அளவு பொய்த்துவிட்டன.

"இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியமெல்லாம் என்னால பண்ண முடியாதுங்க" என்றார் யுகேஷ். "இன்னைக்கு வரைக்கும் குடிக்கல. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை, பாவம், தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார். அவள் கைப்பையைத் திறந்து அந்தக் குப்பியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதப் போட்டுக்கங்க. வெள்ளிக்கிழம எங்க வீட்டுக்கு வாங்க. வரும்போதும் இதப் போட்டுட்டு வாங்க. எங்கம்மாவுக்கும் அண்ணனுக்கும் முன்னால, இப்ப எங்கிட்ட சொன்னத அப்படியே சொல்லணும்."

"சொல்லிட்டு, அதுக்கப்புறம் நான் எப்பவாவது மறுபடி குடிச்சா?"

"எனக்குத் தெரிஞ்சிடும். பத்தவச்ச வாசம் எனக்கு நல்லாத் தெரியும். அன்னைக்கு மறைக்காம நீங்களே வந்து சொல்லணும், அது போதும்."

அவர் குப்பியைத் திறந்து மணிக்கட்டில் ஒரு துளி தொட்டுக்கொண்டார். படிக்கட்டில் கறுவாவும் தேனும் காய்ந்த இலையும் பரவின. நிரஞ்சனி அதை ஆழமாக மோந்தாள். பிறகு, நான்கு வருடமாக யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னாள்.

"எங்கப்பாவக் கொன்னது இதுதான். எனக்கு இந்த வாசம்னா ரொம்பப் பிடிக்கும்."