திடலுக்குச் சாணம்

விளையாட்டுத் திடல் வேலை தெரியுமா என்று, ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் கேட்டபோது, தெரியும் என்று வேதநாயகம் ஒரே போடாகப் போட்டுவிட்டார். வேறென்ன வாயில் வரும்? தெரியாது என்றவர்களையெல்லாம் சயாமில் ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. வெள்ளைக்காரன் கம்பெனியில் கிராணியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதருக்குப் புல்லைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தன் வீட்டு முன்னால் வளர்த்த கொஞ்சூண்டு புல்தரைதான்.

வீட்டில் செய்ததையே திடலிலும் செய்தார். மண்ணைக் கொத்திப் புரட்டி, பால்காரர்களின் கொட்டகையிலிருந்து வண்டி வண்டியாகச் சாணம் கொண்டுவந்து கலந்தார். புல் தளதளவென்று வந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போட்டவர் இப்ராஹிம். ஜப்பான்காரர்களுக்கு மொழிபெயர்ப்பவர். முன்பு அதே திடலில் பந்து விளையாடியவர்.

"என்னண்ணே, மெத்தை மாதிரி இருக்கு! இது வீட்டு வாசல் இல்ல லா. திடலுன்னா மணல் கலந்து, உருளை போட்டு இறுக்கணும். இதுல ஓடுறவன் கால ஒடச்சுக்குவான். நாளைக்கு மேஜர் பாத்தா..."

ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாள் விளையாட்டுக்காக மேஜர் திடலைப் பார்க்க வருகிறார். வேதநாயகம் கூடையைத் தூக்கிக்கொண்டார். மணலுக்கு ஓடினார். கடற்கரை மணலில் உப்பு, புல் கருகிவிடும். உருளையை இழுத்தார். மழையில் ஊறிய மண்ணில் அது புதைந்து நின்றுகொண்டது. வீட்டில் மனைவி அன்னமேரி கஞ்சிகூடக் குடிக்காமல் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிட்டாள். "மாதாவே, இந்த மண்ணு அவனுக்குப் பிடிக்கணும்."

மறுநாள் மேஜரின் பூட்ஸ் சேற்றில் இறங்கியது. மேஜர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, உதிர்த்து, மோந்து பார்த்தார். பிறகு சிரித்தார். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். போன உயிர் வேதநாயகத்துக்குத் திரும்பி வந்தது.

"இவ்வளவு நல்ல மண்ணை எங்கயும் பாத்ததில்லையாம்," என்றார் இப்ராஹிம். அவர் முகத்தில் சிரிப்பில்லை. "ஊர்ல அரிசி இல்ல. விளையாட்டுக்கு வேற எடம் பாத்துக்குறாங்களாம். இங்க மரவள்ளி போடச் சொல்றார்."

"போடுறேன். நானே போடுறேன்னு சொல்லுங்க."

"கெழங்குக்குப் பொம்பளைங்க போதுமாம் அண்ணே. திடலே இல்லேன்னா திடல்காரன் எதுக்குங்கிறார். நாளைக்குப் பிறை ஸ்டேஷன்ல சயாம் ரயில் ஏறணுமாம்."

வேதநாயகம் வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. அன்னமேரி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"மண்ணு பிடிச்சுதா அவனுக்கு?"

"பிடிச்சிருச்சு மேரி," என்றார். "ரொம்பப் பிடிச்சிருச்சு."