பூஜ்யம் என்று எழுதிய பலகை

சாயப்பட்டறை வாசலில் பலகை மாட்டிய அன்று மேலாளர் என்னையும் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார். "எங்கள் பாய்லரின் கார்பன் வெளியீடு: பூஜ்யம்." பச்சை எழுத்து. அந்தக் கணக்கைப் போட்டவன் நான். என் வேலையே அதுதான். எதை எரிக்கிறோம், எவ்வளவு கார்பன் போகிறது என்று கணக்கிட்டு அரசுக்கும் வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்களுக்கும் அனுப்ப வேண்டும். அன்றிலிருந்து பட்டறையில் என் பெயர் பூஜ்யம்.

கணக்கில் தப்பில்லை. நிலக்கரிக்குக் கார்பன் வரி ஏறியதும் எங்கள் தெருவில் பல பட்டறைகள் மூடின. எங்கள் முதலாளி கரியை விட்டு விறகுக்கு மாறினார். மரம் வளரும்போது காற்றிலிருந்து எடுத்ததைத்தான் எரியும்போது திருப்பித் தருகிறது, ஆகவே விறகுக்குப் பூஜ்யம் போடலாம் என்கிறது சட்டம். வரி இல்லை. எங்களில் யாருக்கும் வேலை போகவில்லை. பாய்லர் ஓட்டும் மச்சானுக்கும் போகவில்லை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பட்டறைக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறார். மனைவி இறந்தபிறகு எங்கள் மகள் அங்கேதான் வளர்கிறாள். நான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போய் அவளைப் பார்ப்பேன். இப்போதைக்கு என்னால் முடிவது அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு போனபோது மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்திலேயே இருமினாள். கட்டிலுக்கு மேலே பின்பக்க ஜன்னல் விரியத் திறந்திருந்தது. வெளியே பட்டறைப் புகைபோக்கி.

அந்த ஜன்னல் திறந்திருந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன் என் மனைவி அந்த வீட்டில் இருந்தபோது, கரிப் புகை உள்ளே வராதபடி இடுக்கெல்லாம் பழைய பேப்பரைப் பசை போட்டு ஒட்டிவைத்திருந்தாள். அதை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். அவள் இறந்தது மூளைக் காய்ச்சலில். புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் அந்தச் சுரண்டிய தடத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஜன்னலை எப்ப திறந்தீங்க, அக்கா?"

மச்சானின் மனைவி மடியில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். "பலகை மாட்டின அன்னிக்கே. நீங்கதானே தம்பி பூஜ்யம்னு எழுதினீங்க? இத்தனை வருஷமா உள்ளேயே வெந்துக்கிட்டு கிடந்தோம். இப்பதான் கொஞ்சம் காத்து வருது."

"புகை வருதே, தெரியலையா?"

"இது வெள்ளைப் புகை தம்பி. கரிப் புகைன்னா காயப்போட்ட துணி கறுத்துடும். இப்ப பாருங்க, அப்படியே இருக்கு."

விரலால் ஜன்னல் விளிம்பைத் தடவினேன். சாம்பல் மாவு போல ஒட்டியது. வெளியே இறங்கிப் பார்த்தேன். லைன் வீடு முழுக்க எல்லாப் பின் ஜன்னலும் திறந்திருந்தது. நான் எழுதிய ஒரு சொல்லை நம்பித் திறந்தவை.

மச்சான் ஷிப்டு முடிந்து வந்தார். "வாங்க பூஜ்யம் சார். என்ன, மூஞ்சி பஞ்சர் ஆன டயர் மாதிரி இருக்கு?"

"மச்சான், பூஜ்யம்னா புகையே இல்லைன்னு அர்த்தம் இல்ல."

"பின்ன?"

"கார்பனுக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு. அதுவும் வெட்டின மரத்துக்குப் பதிலா இன்னொண்ணு வளர்ந்தாதான் சரியாகும். புகையில வர்ற தூசு கணக்கிலேயே வராது. கரி எரிச்சப்ப தூசைப் பிடிக்க புகைபோக்கியில இருந்த வடிகட்டிப் பையும் இப்ப இல்ல. ஈர விறகு வேற, புகை இன்னும் அதிகம்."

"பை விறகுத் தீப்பொறியில எரிஞ்சு போச்சு. நான்தானே கழட்டி வச்சேன்." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அப்ப பலகையில இருக்கறது பொய்யா?"

"பொய் இல்ல."

"காலேஜ் படிச்சவங்ககிட்ட இதுதான் தொல்லை, மாப்பிள்ளை. பொய்யும் இல்லைம்பீங்க, நிஜமும் இல்லைம்பீங்க. நடுவுல நாங்க இருமணும்."

அவர் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினார். அடுத்த வீட்டுக்காரியிடமும் சாத்தச் சொன்னேன். "வாசல்ல ஒண்ணு எழுதறீங்க, வீட்டுக்கு வந்து ஒண்ணு சொல்றீங்க. முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டு வாங்க" என்றாள். சாத்தவில்லை.

மறுநாள் மேலாளரிடம் போனேன். தீப்பொறி தாங்கும் வடிகட்டி வேண்டும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலியில் உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"வாங்கறவங்க கார்பன்தான் கேக்கறாங்க. தூசை யாரும் கேக்கலையே. அதை மாட்ட பாய்லரை நிறுத்தணும். நிறுத்தினா இந்த ஆர்டர் கைவிட்டுப் போயிடும். அப்புறம் முதல்ல யார் வேலை போகும்னு உங்களுக்கே தெரியும். அவர் உங்க மச்சான்தானே?"

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதினால் ஆள் அனுப்பிப் புகையை அளப்பார்கள். அளந்தால் பாய்லரை நிறுத்துவார்கள். அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் மகளை என்னோடு அழைத்துப்போக மச்சான் வீட்டுக்குப் போனேன். அக்கா அவள் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்தார்.

"கூட்டிட்டுப் போங்க தம்பி, நான் தடுக்கல. உங்க பிள்ளை." கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டார். "இதை எங்க கூட்டிட்டுப் போறதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மகளைத் தூக்கிக்கொண்டேன்.

மச்சான் பையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் வரை வந்தார். மகள் என் தோளில் இருந்தாள். வழியில் ஒரு விறகு லாரி எங்களைத் தாண்டிப் போனது. பட்டை காயாத மரங்கள். யாருடைய தோப்போ.

"மாசு ஆபீசுக்கு எழுதப் போறீங்களா?" என்றார்.

"ஆமா."

"எழுதாதீங்கன்னு சொல்ல வாய் வரல. ஒரு மாசம் பொறுத்துக்குங்க. என் பொண்டாட்டியையும் குழந்தையையும் அவ அம்மா வீட்டுல விட்டுடறேன். நானும் வேற எங்கேயாவது வேலை கேட்டு வைக்கிறேன். அப்புறம் எழுதுங்க."

"மாமா, நீங்களும் வாங்க" என்றாள் மகள். அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "பாய்லர் தனியா அழும்டா" என்றார்.

"சரி மச்சான். ஒரு மாசம்" என்றேன்.

பேருந்து வந்தது. லைனில் மற்ற வீடுகளில் எத்தனை குழந்தைகள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.