மைத்துனன் தலையில் விளக்குக் கம்பம்

லிஃப்ட் மெக்கானிக் தன் மைத்துனனைப் படம் எடுத்த மறுநாள் காலை, மைத்துனனின் உச்சந்தலையில் தெருவிளக்குக் கம்பம் ஒன்று நின்றது. பதினான்கு அடி உயரம், சாம்பல் நிறம், எண் 38. மதிலுக்கு வெளியே அது இருந்த இடத்தில் குழி மட்டும் மிச்சம். வெக்கை என்று முந்தின இரவு அவன் முற்றத்தில் படுத்திருந்ததால் வீட்டுக் கூரை தப்பித்தது. ஈரத் துண்டு அளவுக்குத்தான் கனம் என்று மைத்துனன் சொன்னான். மாலை ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. மின்சார அலுவலகத்து ஆள் அவன் தோளில் ஏணியைச் சாய்த்து ஏறி, பல்பு நன்றாக இருப்பதாக எழுதிக்கொண்டு போனார்.

பழைய கேமரா ஒன்றை வாங்கி மெக்கானிக் எடுத்த ஏழாவது படம் அது. மைத்துனனை நட்ட நடுவில் நிறுத்தி முகத்தை மட்டும் பார்த்து அமுக்கியதாகச் சொன்னார். மதிலுக்குப் பின்னால் நின்ற கம்பம், படத்தில் அவன் தலையிலிருந்தே கிளம்பியதுபோல் விழுந்திருந்தது. கேமராவைப் புதிதாகத் தொடுகிற எல்லோரும் செய்கிற தவறுதான். ஆனால் வேறு யார் செய்திருந்தாலும் தவறு என்று விட்டிருப்பார்கள். மெக்கானிக் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் லிஃப்ட் குழிக்குள் தலையை நீட்டி மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை பார்க்காமல் பொத்தானைத் தொட்டதில்லை. போதாக்குறைக்கு, ஒரு வாரம் என்று வந்த மைத்துனன் ஏழு மாதமாக முன்னறையில் கிடந்தான். மனைவி இரண்டையும் முடிச்சுப் போட்டாள்.

"அங்க மேலயும் கீழயும் பாக்காம அமுக்காத ஆளு, இங்க மட்டும் பாக்காமயா அமுக்கினீங்க?"

"முகத்தத்தான் பாத்தேன்."

"என் தம்பி மூஞ்சிய நீங்க என்னைக்கு இவ்வளவு ஆசையாப் பாத்தீங்க?"

கம்பம் இறங்காவிட்டால் தம்பியோடு தானும் கிளம்பிவிடுவதாகச் சொல்லி, பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கதவருகே வைத்தாள். நாலு மாதம் அது அங்கேயே இருந்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவர் அதைத் தாண்டித்தான் நடந்தார்.

படம் சேர்த்ததைப் படம்தான் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் முடிவு செய்தார். விடுமுறை நாட்களில் ஒரு சிவப்பு வாளியை வைத்துப் பழகினார். முதலில் பின்னால் இருப்பதைப் பார், பிறகு பொருளைப் பார். எல்லாவற்றையும் நடுவில் அறையாதே. படத்தின் நாலு ஓரத்தையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றி வா. சரியாக வரவில்லையென்றால் காலை நகர்த்து. இவ்வளவையும் சேதமில்லாமல் கற்கவில்லை. துணிக்கொடி வாளியின் குறுக்கே ஓடியதைக் கவனிக்காமல் ஒருநாள் அமுக்கினார். மறுநாள் வாளி இரண்டு துண்டாகக் கிடந்தது, கத்தியால் வெட்டியதுபோல. மைத்துனன் இரண்டு துண்டையும் எடுத்துப் பார்த்தான். அதன்பின் கேமராப் பையின் ஜிப் சத்தம் கேட்டாலே ஒளிந்தான். பதினான்கு அடிக் கம்பத்தோடு ஒளிவது எளிதல்ல, எங்கே ஒளிந்தாலும் மூன்று தெருவுக்குத் தெரியும்.

மைத்துனன் பஸ் டிரைவர், கம்பம் ஏறிய நாளிலிருந்து லீவில் இருந்தான். திங்கட்கிழமை வராவிட்டால் வேலை இல்லை என்று டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. அதற்குள் மெக்கானிக் வழி கண்டுபிடித்திருந்தார். மைத்துனன் மதிலுக்கு வெளியே அந்தக் குழியில் இறங்கிக் குந்த வேண்டும். முற்றத்திலிருந்து பார்த்தால் தலை தெரியாது. கம்பம் மதிலுக்குப் பின்னால், பழைய இடத்தில் நிற்பதுபோலவே படத்தில் விழும்.

மனைவி மதிலுக்கு மேலே எட்டிக் குழியைப் பார்த்தாள். "படத்துல இல்லாதவன், நாளைக்கு வீட்டுல இருப்பானா?"

 மெக்கானிக் கேமராவைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். "நானும் அவன்கூட உக்காந்துக்கறேன். நீ அமுக்கு." ஓரங்களைச் சுற்றிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார், கொடியைத் தானே அவிழ்த்துச் சுருட்டினார். பிறகு வெளியே போய்க் குழியில் இறங்கினார்.

குழி ஒருவருக்கே போதாது. முட்டியோடு முட்டி இடிக்க இருவரும் குந்தியிருந்தார்கள். மேலே அவள் காலடிச் சத்தம் இடப்பக்கம் போனது, நின்றது, திரும்பி வந்தது. அமுக்கும் சத்தம் மட்டும் வரவில்லை.

"மாமா, இப்பவாவது சொல்லுங்க. அன்னைக்குக் கம்பத்தப் பாத்தீங்களா இல்லையா?"

மெக்கானிக் மதிலைப் பார்த்தார். "பாத்தேன்."

மைத்துனன் தலையாட்டினான். மேலே கம்பமும் ஆடியது.

"ஆட்டாதடா," என்று உள்ளிருந்து அக்கா குரல் வந்தது.

"நானா இருந்தாலும் அமுக்கியிருப்பேன் மாமா," என்றான் மெதுவாக. "ஏழு மாசம் கொஞ்சம் அதிகம்தான்."

அப்போதுதான் கேமரா சத்தம் கேட்டது.

மறுநாள் கம்பம் குழியில் நின்றது. மைத்துனனும் இருந்தான், மெக்கானிக்கும் இருந்தார். மைத்துனன் அந்த வாரமே டிப்போ பக்கம் அறை பார்த்துப் போனான். இன்றும் மாலை ஆறு மணிக்கு அவன் உச்சந்தலை லேசாகச் சுடும், அந்த நேரம் மட்டும் தொப்பியைக் கழற்றிவிட்டு ஓட்டுவான். பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடிக்குப் போனது. கேமரா மனைவியிடமே தங்கிவிட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றவளுக்கு எல்லாப் பேச்சும் கேட்டிருக்கும். கேட்டதா என்று அவர் விசாரிக்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை அவரைப் படம் எடுப்பாள். வெறும் சுவர் முன்னால்தான் நிற்பார். முதல் வருடம் திரும்பிப் பார்த்தபோது சுவரில் ஓர் ஆணி இருந்தது. குறடு கொண்டுவந்து பிடுங்கிவிட்டு வந்து நின்றார்.

"எதுக்குப் பயம்?" என்றாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு. "நான் எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் அமுக்குவேன்."