ஊதி ஒட்டிய துண்டு

எங்கள் குளிர் அறையில் முதல் விதி, பனியின் மேல் மூச்சு விடக்கூடாது. துருவத்திலிருந்து தண்டு தண்டாகத் துளைத்து எடுத்து வந்த பனி அது. மனிதன் குகையில் கிடந்த காலத்துக் காற்று அதற்குள் குமிழ் குமிழாக அடைபட்டிருக்கிறது. நம் வாய்க்காற்று அதில் கலந்தால் அத்தனை பேர் உழைப்பும் பாழ். அதனால் முகமூடி போட்டிருந்தாலும் ஒருவரோடு ஒருவர் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டுதான் பேசுவோம். அங்கே போய்ப் பனியைத் துளைத்து எடுப்பவர் என் கணவர். இங்கே அதை ரம்பத்தில் அறுப்பவள் நான். இந்தப் பழக்கம் வீட்டிலும் எங்களை விடவில்லை. சாப்பிடும்போது அவர் சுவரைப் பார்த்து "உப்பு குடு" என்பார். நான் ஜன்னலைப் பார்த்து "எழுந்து எடுத்துக்கங்க" என்பேன். எங்களுக்குள் ஆகாது என்று அக்கம்பக்கத்தில் பரிதாபப்பட்டார்கள்.

அவர் போய்ச் சில வருடங்களாகின்றன. அவர் துளை போட்டுக்கொண்டிருந்த பனிமேடு, தரையைப் பிடித்திருந்த பிடியை விட்டுவிட்டு, பிளந்து கடலுக்குள் இறங்கியது. கூடாரமும் கருவியும் அவரும் அதோடு போனார்கள். உடம்பு கிடைக்கவில்லை. அதற்குச் சற்று முன்னால் விமானத்தில் ஏற்றியிருந்த பனிப்பெட்டிகள் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. பெட்டிகளை இறக்கி அடுக்கியவளும் நான்தான். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

நான் அண்ணி என்று கூப்பிடும் அவருடைய அக்காவுக்கும் எங்கள் கட்டடத்தில்தான் வேலை. நான் அறுத்துக் கொடுக்கும் பனியை உருக்கி, அதிலிருந்து வரும் காற்றை அளக்கும் கருவி அண்ணியின் பொறுப்பு. அவருக்குக் கல்யாணம் காட்சி எதுவுமில்லை. தம்பிதான் எல்லாம். தம்பி போன பிறகு எனக்கு அண்ணி, அண்ணிக்கு நான்.

அண்ணியின் வீடு கடலை ஒட்டிய கடைசித் தெருவில் இருக்கிறது. முன்பெல்லாம் புயல் வந்தால்தான் கடல் தெருவுக்கு வரும். இப்போது வெயில் அடிக்கிற சாதாரண நாளிலேயே சாக்கடை வழியாக ஏறி வாசற்படியைத் தாண்டுகிறது. மற்றவர்கள் வைதுகொண்டே துடைப்பத்தால் தள்ளுவார்கள். அண்ணி தள்ளமாட்டார். நாற்காலியைக் கட்டில் மேல் தூக்கிப் போட்டுவிட்டு, புடவையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நிற்பார்.

"வந்துட்டான் பாரு" என்றார் ஒருநாள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் சில்லிட்டது. அந்தப் பனி உருகித்தானே இந்தக் கடல் ஏறுகிறது? அவரும் அதில்தானே இருக்கிறார்? அன்றிலிருந்து எனக்கும் அந்தத் தண்ணீரில் கால் வைக்கப் பயம். வைக்காமல் திரும்பி வரவும் மனசு வராது.

போன மாதம் பக்கத்து வீட்டுச் சுவர் அடியோடு சரிந்தது. உள்ளே ஆள் இல்லாதது அதிர்ஷ்டம். அண்ணி வீட்டுச் சுவரிலும் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல் ஓடியிருக்கிறது. என்னோடு வந்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கூத்தாடிவிட்டேன்.

"உன் பயத்துக்கெல்லாம் வீட்டை விட முடியாதும்மா. அவன் எடுத்த பனி சொல்லட்டும், அன்னைக்கே மூட்டையைக் கட்டறேன்."

கரைத்தெருக்களை இப்போதே காலி செய்ய வேண்டுமா என்று முடிவெடுக்கும் குழுவும் அதே பனியைத்தான் கேட்டது. குழுத் தலைவருக்கு எங்கள் கட்டடத்தில் 'பார்க்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் வரும். முந்தைய வெப்பக் காலத்தில் இதே பனிமேடு சரிந்திருக்கிறது. மெல்ல மெல்ல, பல நூறு தலைமுறைகளில் சரிந்ததா, இல்லை பிடி விட்டதும் ஒரே ஆயுளுக்குள் சரிந்ததா? அதுதான் கேள்வி. உயரத்தில் உறைந்த பனியில் காற்று குறைவாக இருக்கும், தாழ்வில் உறைந்ததில் அதிகம். ஆகவே காற்றை அளந்தால் மேடு எவ்வளவு வேகமாக இறங்கியது என்று சொல்லிவிடலாம். அந்தச் சரிவு முழுதும் இருப்பது ஒரே ஒரு தண்டில், கை நீளத்துண்டு ஒன்றில். கடைசிப் பெட்டியில் இருந்தது அது.

அதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ரம்பத்துக்குப் பல் போய்விட்டது என்றேன், விளக்கு சரியில்லை என்றேன். உண்மைக் காரணம் எனக்கும் என் கணவருக்கும் மட்டும் தெரியும். கடைசியாக அங்கிருந்து போனில் பேசியபோது சொல்லியிருந்தார்.

"ஒரு தண்டு எடுக்கும்போதே ரெண்டா உடைஞ்சிருச்சு. விமானம் கிளம்புதுன்னு கத்தறாங்க. முகமூடியைக் கழட்டி, ரெண்டு முனையிலயும் வாயால ஊதி, அழுத்திப் புடிச்சேன். அப்படியே ஒட்டிக்கிச்சு. எவன்கிட்டயும் சொல்லிடாத, மானம் போயிடும்."

"உப்புப் பெறாத வேலை பார்த்துட்டுப் பெருமை வேறயா?" என்றேன். சிரித்தார். நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது.

ஆகவே அந்தத் துண்டில் என் கணவரின் மூச்சு இருந்தது. உலகத்தில் அவருடையதென்று மிஞ்சியது அவ்வளவுதான்.

அண்ணி வீட்டு விரிசலில் என் சுண்டுவிரல் முழுதாக நுழைந்த அன்று, பெட்டியைத் திறந்தேன். தண்டை விளக்கு மேசையில் வைத்துப் பார்த்தேன். நடுவில் பால்நிறக் கோடு ஒன்று, கண்ணாடியில் படிந்த ஆவி மாதிரி. அந்தக் கோட்டை மட்டும் சீவி எடுத்து ஒளித்துவைத்துவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் சரிவு நடந்த அடுக்கு சரியாக அங்கேதான் இருந்தது. அதை எடுத்துவிட்டால் பனி சொல்லவேண்டியதைச் சொல்லாது. அண்ணி வீட்டை விட்டு அசையமாட்டார். நாளைக்கு அந்தச் சுவர் அவர் மேல் விழும்.

செத்தவர் மூச்சா, உயிரோடிருக்கும் அண்ணியா? கேட்டுப் பார்த்தால் சுலபம்தான். ரம்பத்தைப் போடத்தான் நேரமாயிற்று. முகமூடிக்குள் அழுதுகொண்டே அறுத்தேன். கோட்டை வெட்டவில்லை.

மறுநாள் காலையில் அண்ணி துண்டுகளை வரிசையாகக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு உருக்கினார். வழக்கமாக ஓரத் துண்டுகளை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டால், பழைய காற்று படபடவென்று வெடித்து வெளியே வரும். நாங்கள் காதை வைத்துக் கேட்போம். இந்தப் பாத்திரத்தில் முதலிலேயே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால் சத்தமே வராது. என் கணவர் சத்தமில்லாமல் கரைந்தார்.

திரையில் ஊர்ந்துகொண்டிருந்த கோடு திடீரென்று செங்குத்தாக எழுந்து விழுந்தது.

"என்னடி இது?" என்றார் அண்ணி. என் முகத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். இத்தனை வருடம் காற்றை அளந்தவருக்கு அது என்ன காற்று என்று சொல்லித் தரவேண்டியதில்லை. "மூச்சுடி இது. யாரோட மூச்சு?"

நான் சொன்னேன், அந்தப் போன் பேச்சை முழுதாக.

அளந்து முடித்த காற்றைக் கருவி ஒரு குழாய் வழியாக அறைக்குள் விட்டுவிடும். 'உஸ்' என்று சின்னதாகக் கேட்டது. அண்ணி எழுந்து போய், திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினார். பிறகு கதவையும் சாத்தினார். நாங்கள் இருவரும் அந்த அறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். யாரோ வந்து கதவைத் தட்டியும் திறக்கவில்லை. ஆசைதீர மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பைத்தியக்காரத்தனம்தான்.

பனி தெளிவாகவே சொல்லியிருந்தது. பிடி விட்டபின் அந்த மேடு ஒரே ஆயுளுக்குள் சரிந்திருக்கிறது. அப்போது பிறந்த குழந்தை கிழவியாவதற்குள் கடல் எங்கேயோ ஏறிவிட்டிருக்கும்.

குழுக் கூட்டத்தில் 'பார்க்கலாம்' அந்தக் கோட்டுப் படத்தை மூக்குக்கருகில் வைத்துப் பார்த்தார். "நடுவுல ஏதோ துருத்திக்கிட்டு நிக்குதே?"

"ஒட்டும்போது விழுந்த மூச்சு சார். அதோட தடம் தனியாத் தெரியுது, கழிச்சுட்டோம். முடிவு மாறாது" என்றார் அண்ணி.

"நீங்க சொல்றது சரிம்மா. ஆனா நாளைக்குக் கலப்படம்னு ஒருத்தன் எழுந்து நிப்பான். அதே இடத்துல இன்னொரு துண்டு எடுத்து உறுதிப்படுத்திட்டா, எல்லாருக்கும் நல்லது."

நான் எழுந்து நின்றேன். "அந்த இடமே இப்ப இல்ல சார். உருகிப் போச்சு. நேத்து உங்க கார் சக்கரம் நனைஞ்சுதே, அதுதான் மிச்சத் துண்டு. ஒரு பாட்டில்ல புடிச்சுட்டு வரட்டுமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பார்க்கலாம்" என்றார்.

வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்தார். "அவங்க பார்த்துக்கிட்டே இருக்கட்டும். எனக்கு அவன் சொல்லிட்டான். உங்க வீட்டுல என் கட்டிலுக்கு இடம் இருக்கா?"

பட்டப்பகலில் சாமான்களை வண்டியில் ஏற்றினோம். தெருவில் மற்றவர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிலர் கேட்டார்கள், ஆர்டர் வந்துவிட்டதா என்று. இல்லை என்றதும் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். அதற்குள் சாக்கடையிலிருந்து தண்ணீர் மினுமினுத்துக்கொண்டு ஏற ஆரம்பித்திருந்தது. நான் கடைசியாகக் கதவை இழுத்துப் பூட்டைக் கொண்டியில் மாட்டப் போனேன்.

அண்ணி பூட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கதவை இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாமல் பக்கத்துக்கொரு செங்கல் முட்டுக்கொடுத்தார்.

"பூட்ட வேணாம். ரொம்ப தூரத்துலேர்ந்து வரான். உள்ள வரட்டும்."

தண்ணீர் படியேறி வாசலைத் தாண்டியது. நான் முகத்தைத் திருப்பாமல் அதை நேராகப் பார்த்து, "போயிட்டு வரேங்க" என்றேன்.