தேர் அன்று மாட்டிய மீன்

ஒரு மனிசன் ஒரேயொரு வாக்கியத்துக்காக மூன்று கோடை தவம் கிடந்தார் என்றால் நம்புவீர்களா? சுவிஸில், எம்மன்புரூக்கே இராஜேந்திரன் கிடந்தார். "இது இராஜேந்திரன் அண்ணை பிடிச்ச மீன்." இவ்வளவுதான் அந்த வாக்கியம். அதை வின்சன்ற் தன் வாயால் சொல்லவேண்டும். வேறு ஆர் சொன்னாலும் அவருக்குக் கணக்கில்லை.

வின்சன்ற் இராஜேந்திரன் இருக்கும் கட்டடத்தில் மூன்றாம் மாடி. மன்னாரில் கடற்கரையோரம் பிறந்து வளர்ந்தவர். மீனின் கண்ணைப் பார்த்தே அதன் சாதகத்தைச் சொல்லிவிடுவார். இராஜேந்திரனுக்கு ஊர் கோப்பாய். தோட்டமும் கிணறுமாக வளர்ந்த மனிசன், ஐம்பத்திரண்டு வயதில் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகை வாங்கிக்கொண்டு வந்தார். வின்சன்ற் அந்தக் கயாக்கை ஒருதரம் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கோப்பாயில கிணத்துக்கை விட்டுப் பழகினனீங்களோ அண்ணை?" என்று கேட்டார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பிறந்தநாள் வீடு, சாமத்திய வீடு, எங்கே கண்டாலும் நாலு பேருக்கு நடுவில் வைத்து, "அண்ணை, ஏரியில இன்னும் தண்ணி இருக்கோ?" என்று விசாரிப்பார். இராஜேந்திரன் சிரித்துச் சமாளிப்பார். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஆசைப்பட்ட மீனும் லேசுப்பட்டதில்லை. லுட்சேர்ன் ஏரியின் ஆழத்தில் திரியும் பெரிய ட்ரவுட். சேஃபொறெல்ல என்பார்கள் சுவிஸ்காரர். சால்மனுக்கு அது சித்தப்பா பிள்ளை. கடலைக் காணாமல் ஏரியிலேயே குடியிருந்துவிட்ட சால்மன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே இராஜேந்திரன் மீன்பிடி வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினார். பிடித்த மீனை உடனே தலையில் தட்டவேண்டும், செவுளை வெட்டி இரத்தம் வடியவிடவேண்டும், குடலை எடுக்கவேண்டும், முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் இரத்தத்தை விரலால் வழித்தெடுக்கவேண்டும், வயிற்றுக்குள் ஐஸ் அடைக்கவேண்டும். எல்லாம் நித்திரையிலும் சொல்லுவார். மீன்தான் இல்லை.

இந்த இடத்தில் சந்திரமதியைப் பற்றிச் சொல்லவேண்டும். இராஜேந்திரனின் மனைவி. நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறினால் எம்மன்புரூக்கேயில் அவர் வீட்டில் மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் இல்லை. மீன் சட்டி, மீன் கத்தி, மீன் அகப்பை எல்லாம் ஒரு பெட்டிக்குள் போய், பெட்டி கட்டடத்தின் அடியில் இருக்கும் கெல்லருக்குப் போய்விடும். கொடியேற்றத்திலிருந்து தேர், தீர்த்தம், பூங்காவனம் எல்லாம் முடிந்தபிறகுதான் பெட்டி மேலே வரும். வீட்டுக்குள் மச்சம் வந்தால் என்ன நடக்கும் என்று இராஜேந்திரன் ஒருநாளும் பரிசோதித்துப் பார்த்ததில்லை. அவ்வளவு துணிவு அவருக்கில்லை.

தேர் வியாழக்கிழமை வந்தது. அங்கே நல்லூரில் காலையில் தேர் இழுக்க, இங்கே விடியப்புறமே சந்திரமதி தோய்ந்து, திருநீறு பூசி, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துவிட்டார். இராஜேந்திரனுக்கு அன்று பின்னேர வேலை.

"முதுகு பிடிச்சிருக்கு. ஏரியில கொஞ்சம் துடுப்புப் போட்டிட்டு வாறன்" என்றார்.

"தூண்டிலைத் தொடப்படாது" என்றார் சந்திரமதி, தேரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சீச்சீ, தேரண்டு தொடுவனோ?"

தூண்டில் கயாக்கின் பின்பக்கத்தில் அதற்கென்ற குழாயில் எப்பவும் நிற்கும். ஏரி நடுவில் இராஜேந்திரன் அதைத் திரும்பிப் பார்த்தார். நுனியில் இரையாகத் தொங்கிய தகட்டு மீனில் தூசி படிந்திருந்தது. தூசியைக் கழுவினால் அது மீன்பிடியா? அறுபது மீற்றர் நூல் விட்டுக் கழுவினார். பெரிய சுத்தக்காரர்.

கழுவத் தொடங்கி கால் மணித்தியாலம் ஆகவில்லை, தூண்டில் வளைந்தது. கயாக் தானாகத் திரும்பியது. "முருகா" என்று வாய்விட்டுக் கூப்பிட்டார். கூப்பிட்ட கையோடு, இன்றைக்கு அந்தப் பெயரைக் கூப்பிடுகிற யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று ஒரு யோசனையும் வந்தது. ஆனால் கை சுற்றுவதை நிற்பாட்டவில்லை. கடைசியில் வலையால் கோலி எடுத்தால், கை நீட்டி அளக்கிற அளவில் வெள்ளி வெள்ளியாக, கறுப்புப் புள்ளி போட்ட மீன். நாலு கிலோவுக்குக் குறையாது.

விட்டிருக்கலாம். நீங்களும் நானும் என்றால் விட்டிருப்போம். மூன்று கோடை வெறுங்கையோடு வந்த மனிசன் விடுவாரா? அழுகை வருகிற அளவுக்குச் சந்தோசம் அவருக்கு. தட்டினார், வெட்டினார், குடலெடுத்தார், விரலால் வழித்தார். வகுப்பில் சொன்னது ஒன்றுவிடாமல் செய்து முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் விசயம் உறைத்தது. இதை ஆருக்குக் காட்டுவது?

வின்சன்றிடம் காட்டினால் பின்னேரத்துக்குள் சந்திரமதியின் காதுக்குப் போகும். படம் எடுத்தால் திகதி விழும். திகதி விழுந்தால் தேர் விழும். கயாக்கில் இருந்தபடியே ஒரு திட்டம் போட்டார். மீனை ஞாயிறு வரைக்கும் பழுதாகாமல் வைத்திருக்கவேண்டும். ஞாயிறு விரதம் இல்லை. வின்சன்றையும் சந்திரமதியையும் ஏரிக்கரைக்குக் கூட்டிவந்து, அவர்கள் கண்ணுக்கு முன்னால் இதே மீனை இன்னொருதரம் பிடிக்கவேண்டும்.

கேட்டீர்களா கதையை? அவருக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி கனவிலும் கிடையாது. கெல்லரில் பெரிய உறைபெட்டி ஒன்று இருந்தது, அது வின்சன்றுடையது. ஆகவே கெல்லரில் நிற்கும் கயாக்கையே குளிர்பெட்டியாக்கினார். அதன் முன்பக்கத்தில் மூடிபோட்ட அறை ஒன்று உண்டு. பெற்றோல் நிலையத்தில் பை பையாக ஐஸ் வாங்கி அடியில் பரப்பி, மேலே பழைய துவாய் விரித்து, வயிற்றில் ஐஸ் அடைத்த மீனை வளர்த்தி, அதற்கு மேலும் ஐஸ் கொட்டினார். உருகிய தண்ணீரில் மீன் ஊறினால் சதை வெளிறிப்போகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதனால் கயாக்கின் மூக்கைக் கொஞ்சம் தூக்கி வைத்து, பின்பக்க அடைப்பைக் கழற்றித் தண்ணீரைக் கெல்லர் வாய்க்காலுக்கு ஓடவிட்டார். ஒரு நாளைக்கு மூன்றுதரம் இறங்கிப்போய் ஐஸ் மாற்றினார். பெற்றோல் நிலையத்துப் பெட்டை, "என்ன, பார்ட்டியா?" என்று கேட்டாள். "ஓம், சின்னப் பார்ட்டி" என்றார். பிள்ளை பிறந்தபோதும் இப்படி எழும்பி எழும்பிப் பார்க்கவில்லை என்று சந்திரமதி பிறகு சொன்னது முழுக்க உண்மை.

சனிக்கிழமை பூங்காவனமும் முடிந்தது. மீன் சட்டிப் பெட்டியை எடுக்கச் சந்திரமதி கெல்லருக்கு வந்துவிட்டார். இராஜேந்திரன் கயாக்குக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இதென்ன தண்ணி ஓடுது?"

"கயாக் கழுவினனான்."

"நேற்றும் கழுவினனீங்கள்தானே?"

"உப்பு ஏறினால் கூடாது, அதுதான்."

"ஏரியில ஏது உப்பு?"

அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வந்தபடியால் சந்திரமதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மனிசன் மூடியைத் திறந்து அடுத்த பை ஐஸைக் கொட்டினார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் ஏரிக்கரையில். வின்சன்ற் தேவாலயத்தில் பத்து மணிப் பூசைக்கு என்று உடுத்த வெள்ளைச் சேட்டோடு, கையில் தேத்தண்ணிப் போத்தலோடு வந்திருந்தார்.

"அண்ணை கூப்பிட்டால் வராமல் இருப்பனோ? தண்ணி இருக்கோ எண்டு நானும் ஒருக்காப் பார்ப்பம்" என்றார்.

"இருந்து பாரும்" என்றார் இராஜேந்திரன். அவ்வளவு தெம்பாக அவர் மூன்று வருடத்தில் கதைத்ததில்லை.

கயாக்கைக் கரைக்கு எட்டவே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், முதுகைக் காட்டி நிறுத்தினார். மூடியைத் திறந்து மீனின் வாயில் கொக்கியைக் கொளுவி, மறுபக்கத்தால் மெல்லத் தண்ணீருக்குள் இறக்கினார். எல்லாம் ஒழுங்குதான். ஆனால் பாருங்கள், பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. மற்ற இரண்டு பேரும் எழும்பமுன்னம் கெல்லருக்கு இறங்கி, மூன்று நாளும் செய்ததுபோல மீனின் வயிற்றை ஐஸால் புதிதாக அடைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

மீன் கீழே போனது. ஐஸ் மேலே வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு கொத்தாக, கயாக்கைச் சுற்றிச் சதுரம் சதுரமாக மிதக்கத் தொடங்கியது. ஓகஸ்ட் மாதம்.

"அண்ணை" என்று கரையிலிருந்து வின்சன்றின் குரல் வந்தது. "அதென்ன மிதக்குது?"

"நுரை" என்று கத்தினார் இராஜேந்திரன். கத்திக்கொண்டே, "ஆ, கொளுவிட்டுது, கொளுவிட்டுது" என்று தூண்டிலை வளைத்து இழுத்தார். செத்து மூன்று நாளான மீனோடு ஐந்து நிமிடம் சண்டை பிடித்தார். ஒருகட்டத்தில் மீன்தான் வெல்லப்போகிறது என்பதுபோல முகத்தையும் வைத்துக்கொண்டார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்து வின்சன்றின் கையில் கொடுத்துவிட்டு, அந்த வாக்கியத்துக்காகக் காத்து நின்றார்.

வின்சன்ற் மீனைப் புரட்டினார். வயிறு நீளத்துக்குப் பிளந்திருந்தது. உள்ளே சுத்தம். செவுளும் வெட்டுண்டிருந்தது. கடைசி ஐஸ் கட்டி ஒன்று அவருடைய சப்பாத்தில் விழுந்தது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ, ஒரு கேள்வி" என்றார் பணிவாக. "இந்த மீன் குடலில்லாமல் எவ்வளவு காலமாய் நீந்தித் திரிஞ்சது?"

இராஜேந்திரன் குனிந்து தூண்டில் நூலைச் சுற்றத் தொடங்கினார்.

"கடையில வாங்கினனீங்களோ?" வின்சன்றின் குரலில் இந்தமுறை நக்கல் இல்லை, பாவம் பார்க்கிற தொனிதான் இருந்தது. அதுதான் கொதிக்கப் பண்ணியது. "விடுங்கோ அண்ணை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

சந்திரமதியும், "வாங்கினால் வாங்கினனான் எண்டு சொல்லுறதுதானே. இதுக்குப் போய் ஏனப்பா இந்தக் கூத்து?" என்றார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வீட்டில் நிம்மதி. இராஜேந்திரன் மீனைப் பார்த்தார். மூன்று கோடை. கழுவப்போட்ட தூண்டிலில் வந்து கடித்த மீன். அதைக் கடை மீன் என்று சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை.

"நான்தான் பிடிச்சனான்" என்றார். "வியாழக்கிழமை."

வின்சன்ற் மறுபடி மீனை ஆராய்ந்தார். செட்டைகளை விரித்துப் பார்த்தார், தாடைக்குள் விரல் விட்டார், சதையை அமத்தினார், மணந்தார். "செட்டை தேயேல்லை. வளர்ப்பு மீனில்லை. இஞ்ச, இண்டைக்குக் கொளுவின ஓட்டை ஒண்டு. இது பழசு, இரத்தம் கண்டிக் கிடக்கு. தூண்டிலில வந்ததுதான்" என்றார். பிறகு, "மூண்டு நாளோ? சதை இன்னும் விறைப்பாய் இருக்கு. எங்கடை ஆக்களே இவ்வளவு பக்குவமாய் வைக்கமாட்டினம்" என்றார்.

இராஜேந்திரனின் நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர்ந்தது பாதியில் நின்றுவிட்டது, ஏனென்றால் பக்கத்தில் சந்திரமதி விரல் மடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு, சனி, வெள்ளி, வியாழன். நாலாவது விரலில் வந்து நின்று புருசனைப் பார்த்தார்.

"தேர்" என்றார்.

மத்தியானம் சந்திரமதி மீன் சட்டியைக் கழுவி அடுப்பில் வைத்தார். பழப்புளி விட்ட குழம்பு, நடுத்துண்டில் பொரியல், தலையில் சொதி. பூசை முடிந்து வந்த வின்சன்றுக்கும் மனைவி றஞ்சினிக்கும் கோப்பை வைத்தார், தனக்கும் வைத்தார். இராஜேந்திரனுக்கு வேறொரு கோப்பை. அதில் சோறு, பருப்பு, போஞ்சிக்காய்.

"உங்கடை கொடி இண்டைக்குத்தான் ஏறியிருக்கு" என்றார் சந்திரமதி. "இருபத்தைஞ்சு நாளும் விரதத்தை ஒழுங்காய்ப் பிடியுங்கோ. கயாக்குக்குக் கிட்டவும் போகப்படாது."

இராஜேந்திரன் போஞ்சிக்காயைப் பிசைந்தார். குழம்பு மணம் மூக்கில் ஏறியது. முன்னால் இருந்த வின்சன்ற் மீன் தலையை உறிஞ்சி, முள்ளைக் கோப்பை விளிம்பில் வைத்துவிட்டு, கட்டாயப்படுத்த ஒருத்தரும் இல்லாமல் தானாகவே மனைவியிடம் திரும்பினார்.

"றஞ்சினி, நல்லாச் சாப்பிடும். இது இராஜேந்திரன் அண்ணை பிடிச்ச மீன்."

இராஜேந்திரனின் கை சோற்றில் நின்றுவிட்டது. கண் கலங்கியது, போஞ்சிக்காய் உறைப்பு என்று சமாளித்தார்.

"சரியாக் கேக்கேல்லை வின்சன்ற். இன்னொருக்காச் சொல்லும்" என்றார்.

வின்சன்ற் சொன்னார். சந்திரமதி எழும்பி வந்து, புருசனின் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை பருப்பை விட்டார்.