ஐந்து மீட்டர் ஏரி

கன்னையாவின் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். பெயருக்குக் கீழே ‘ஏரிப் பாசனப் பிரதிநிதி’ என்று தெலுங்கில் அச்சடித்திருந்தது. அந்த வேலை பறிபோய் ஒரு வருஷம் ஆகிறது. அச்சடித்தவர்களுக்கு அது தெரியாது. அவரும் சொல்லவில்லை.

திருப்பதியில் மூன்று நாள் மாநாடு. நன்னீர் ஏரிகளைக் காப்பது பற்றிப் பேச ஐந்து மாநிலங்களிலிருந்து விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் வந்திருந்தார்கள். ஒவ்வோர் அமர்விலும் ஏரிக்கரை ஆள் ஒருவர் இரண்டு நிமிஷம் பேச வேண்டும் என்று ஏற்பாடு. புத்தூர்ப் பக்கத்துப் புன்னைக்கண்டிகை ஏரிக்கு ஆள் தேடிய கீர்த்தி என்ற பெண், பழைய கணக்கெடுப்பு ஒன்றில் கன்னையாவின் பெயரைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். வேறு யாரெல்லாம் வருகிறார்கள் என்று கேட்டார். லோகேஸ்வரன் என்று அவள் சொன்னதும், வருகிறேன் என்றார்.

முப்பத்திரண்டு வருஷம் அந்த ஏரிக்குக் கன்னையாதான் நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து மதகைத் திறந்து மூடுகிறவர். மதகுச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். ஏரியைத் தூர்வாரும் காண்ட்ராக்ட் லோகேஸ்வரனுக்குக் கிடைத்தது. பொக்லைன் இரண்டு நாள் ஓடியது. கரைக்கும் நடு ஏரியில் நிற்கும் கங்கம்மா கல்லுக்கும் இடையில், ஒரே இடத்தில், இரண்டு ஆள் ஆழத்துக்கு மொரம்பு மண்ணை வாரியது. மொரம்பு எங்கோ வீட்டு மனை போடுகிற இடத்துக்குப் போனது. பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பொக்லைன் வரவில்லை. ஏரி முழுவதும் ஐந்து மீட்டர் ஆழம் வெட்டியதாகக் காகிதம் மட்டும் வந்தது.

அந்த மழைக்கு ஏரி நிரம்பியது. பங்குனி வரை நிற்க வேண்டிய தண்ணீர் தை பிறக்கும்போதே தீர்ந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் காய்ந்தது. அதிகாரிகள் வந்து கேட்டார்கள். ஐந்து மீட்டர் ஏரி இவ்வளவு சீக்கிரம் வற்றாது, நீர்க்கட்டி மாந்தோப்புக்காரர்களுக்கு மதகைத் திறந்துவிட்டிருக்கிறான் என்றான் லோகேஸ்வரன். ஏரி வெட்டப்படவில்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் லோகேஸ்வரன் கோயிலுக்கு மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தான். கன்னையாவால் மண்டபம் கட்டித் தர முடியாது. ஊர் அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டது. திருடன் என்றது. அவருடைய அத்தை மகள் மணியம்மாவே வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவளுக்கு முக்கால் ஏக்கர் காய்ந்திருந்தது, ஓர் எருமை அந்தப் பள்ளத்தில் முழுகியிருந்தது. யாரையாவது தூற்ற வேண்டியிருந்தது. கன்னையாவின் மகளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் அந்த வாரமே கலைந்தது.

தேநீர் இடைவேளையில் லோகேஸ்வரன் அவரைப் பார்த்துவிட்டான்.

“ஏன்யா, நீயா? உன்னை யாரு கூப்ட்டது?”

“போன் வந்துது சார்.”

“மாங்கா கம்பெனில மூட்டை தூக்கினு இருக்கிறன்னாங்க.”

“சீசன் முடிஞ்சிபோச்சு சார்.”

லோகேஸ்வரன் பிஸ்கட்டை டீயில் நனைத்தான். சுற்றிலும் பார்த்துக் குரலைத் தணித்தான். “பாரு, பழசெல்லாம் மனசுல வெச்சினு இருக்காத. எனக்கு இன்னைக்கு அவார்டு. மேடை ஏறி நல்லதா நாலு வார்த்தை பேசு. சர்பஞ்ச்கிட்ட சொல்லி சாவியை உன் கைக்கே வர வெக்கிறேன். சரேனா?”

“நல்லதாவே பேசறேன் சார்.”

அமர்வில் முதலில் பேசியவள் ப்ரியம்வதா. திருப்பதிக்காரி. கோயில் கைங்கர்யம் செய்கிற வீட்டுப் பெண். அவள் செய்வது ஏரி ஆராய்ச்சி. இந்த வட்டார ஏரிகளில் பாதிக்குப் பாதி ஆழம் வண்டலாகக் கிடக்கிறது, அரசாங்கப் புத்தகத்திலிருக்கும் ஆழத்தை யாரும் இறங்கி அளப்பதில்லை என்றாள். அடுத்து லோகேஸ்வரன் படம் போட்டான். பொக்லைன், பள்ளம், பள்ளத்தோரத்தில் அவன். கேள்வி நேரத்தில் ப்ரியம்வதா எழுந்தாள்.

“அந்த அஞ்சு மீட்டரை யார் அளந்தது?”

“மேடம், நானே இறங்கி நின்னு அளந்தேன்.”

அரங்கம் கைதட்டியது. பிறகு கன்னையாவைக் கூப்பிட்டார்கள்.

அவர் தெலுங்கில் பேசினார். லோகேஸ்வரன் சார் எங்கள் ஏரிக்குச் செய்ததை ஊர் மறக்காது என்றார். ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கலில் வழிந்தால் நடுவில் இருக்கும் கங்கம்மா கல்லுக்கு மஞ்சள் துணி கட்டுவது எங்கள் வழக்கம், அந்தக் காலத்தில் வாழைமரத் தெப்பத்தில் போவோம், ஏரியை ஆழப்படுத்தியவர் கையால் கட்டினால் அம்மா மனம் குளிரும் என்றார். ஏரி நிரம்பியிருக்கிறது, நாளைக்கு நீங்கள் எல்லோரும் பார்க்க வருகிறீர்கள், சாரே வந்து கட்ட வேண்டும் என்று கும்பிட்டார்.

முன்வரிசையில் இருந்த பெரிய அதிகாரி தலையாட்டினார். லோகேஸ்வரன் எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டான். தெப்பத்தில் போனால் ஏரி எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் அவன் போட்ட கணக்கு. கன்னையாவுக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

படி இறங்கும்போது லோகேஸ்வரன் காதோரம் சொன்னான். “யோவ், எனக்கு ஈத வராது.”

“நீச்சல் எதுக்கு சார். நான்தான் கூட வரேனே.”

மறுநாள் காலை ஏரிக்கு இரண்டு பஸ் வந்தது. கலங்கலில் தண்ணீர் சலசலத்து ஓடியது. கரை நெடுக ஊர் நின்றது. கன்னையா பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மணியம்மா காறித் துப்பினாள்.

“அட்டை மாட்டிக்கினு வந்துட்டாரு தொரை. இந்த வாட்டி எந்தத் தோப்புக்குத் திறந்து வுடப் போற?”

கன்னையா செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார். பூசாரி மஞ்சள் துணியை லோகேஸ்வரன் கையில் கொடுத்தார். நாலைந்து போன்கள் படம் எடுத்தன. லோகேஸ்வரன் தண்ணீரில் அங்கும் இங்கும் பார்த்தான்.

“தெப்பம் எங்கய்யா?”

“வாழை கிடைக்கல சார். நடந்தே போயிடலாம்.”

“இவ்ளோ தண்ணியில எப்பிடிய்யா நடக்கறது?”

“எவ்ளோ தண்ணியில சார்?”

லோகேஸ்வரன் திரும்பிப் பார்த்தான். பின்னால் பெரிய அதிகாரி நின்றார். கையில் அம்மனுடைய துணி இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கன்னையா கையை நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டான்.

பள்ளம் எங்கேயோ இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். எருமை செத்த பிறகு யாரும் உள்ளே இறங்குவதில்லை. இந்த மழையில் அதன் விளிம்பு சரிந்து எதுவரை வந்து நிற்கிறது என்பது கன்னையா ஒருவருக்கே தெரியும். மழை விட்டதும் நாலு நாள் மூங்கில் கழியோடு இறங்கி அடி அடியாகக் குத்திப் பார்த்திருந்தார். இன்றைக்குக் கழி எடுத்து வரவில்லை.

தண்ணீர் முழங்கால் வந்தது. தொடை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வண்டல் கணுக்காலைப் பிடித்துப் பிடித்து விட்டது. லோகேஸ்வரனின் உள்ளங்கை வியர்த்திருந்தது. மோதிரங்கள் அழுத்தின.

பாதி வழியில் கன்னையா நின்றார். இடது பக்கம் மூன்று அடியில் பள்ளம். மூன்றே அடி. கால் இடறினான், பிடிக்கப் பார்த்தேன், கை வழுக்கிவிட்டது என்றால் யார் என்ன சொல்லப் போகிறார்கள். ஒரு வருஷமாக இதே இடத்துக்கு வந்து வந்து அவர் மனசு நின்றது. மூட்டை தூக்கும்போது நின்றது. மகள் பேசாமல் சோறு போடும்போது நின்றது.

ஆனால் செத்தால் அவன் நல்லவனாகிவிடுவான். ஏரிக்காக உயிரைக் கொடுத்தான் என்பார்கள். ஏரிக்கு அவன் பெயரை வைப்பார்கள். கரையில் சிலைகூட நிற்கும். கன்னையா அவனை வலது பக்கமாக இழுத்தார்.

“பாத்து வாங்க சார். உசுரு முக்கியம்.”

கல்லருகே தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே இறங்கியது. லோகேஸ்வரன் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டான். கரையில் கைதட்டல் எழுந்தது. எழுந்த வேகத்தில் அங்கங்கே நின்றுபோனது. ஐந்து மாநிலத்து ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடு ஏரியில், ஐந்து மீட்டர் ஆழத்தில், முழங்கால் தெரிய ஒருவன் நின்றான். அவனுடைய வெள்ளைப் பேண்ட்டில் தொடைவரை சேறு.

ப்ரியம்வதா கரை விளிம்புக்கு வந்து கூப்பிட்டாள். “லோகேஸ்வரன் சார், அங்க எவ்வளவு ஆழம்?”

லோகேஸ்வரன் கன்னையாவைப் பார்த்தான். கன்னையா கையை உருவிக்கொண்டார். கரையைப் பார்த்து நடந்தார். வந்த வழியே நேராகப் போகவில்லை. வளைந்தும் திரும்பியும் போனார். பத்துப் பதினைந்து அடி போனதும் பின்னால் குரல் வந்தது.

“யோவ், இருய்யா. வந்த வழி எது?”

கன்னையா திரும்பி நின்றார். “நீங்க வெட்டின ஏரி சார். உங்களுக்குத் தெரியாதா?”

“விளையாடாத. பள்ளம் எந்தப் பக்கம்?”

“எந்தப் பள்ளம் சார்? ஏரி முழுக்க அஞ்சு மீட்டர் பள்ளம்தானே.”

லோகேஸ்வரன் ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய இடத்திலேயே வைத்தான். “உனக்கு என்னய்யா வேணும்? சாவிதானே? இன்னைக்கே தரச் சொல்றேன். வா.”

“போன வருசம் தண்ணி எங்க போச்சு? அதைச் சொல்லு.”

“தப்புதான்யா. நீ தண்ணி விக்கல. போதுமா?”

“என்கிட்ட எதுக்கு? எனக்குத்தான் தெரியுமே. கரையில நிக்கிறாங்க பாரு, அவங்களுக்குச் சொல்லு.”

சொல்லிவிட்டுக் கன்னையா நடந்து கரையேறினார். நேற்றுப் போர்த்திய சால்வையை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் காலைத் துடைத்தார். லோகேஸ்வரன் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். ஊர்த் தலைவரான சர்பஞ்ச் ஓடி வந்தார்.

“இன்னாப்பா இது? போய்க் கூட்டினு வா.”

“இப்ப நீர்க்கட்டி பழனிதானே. அவனை அனுப்புங்க.”

எல்லோரும் பழனியைப் பார்த்தார்கள். சாவி வந்து ஒரு வருஷமான பழனி தண்ணீரைப் பார்த்தான். “எருமையே ஏறி வரல சர்பஞ்ச். என் பொண்டாட்டி மாசமா இருக்கிறா,” என்றான். யாரோ சிரித்தார்கள்.

வெயில் ஏறியது. தண்ணீர் மின்னி, அடியில் எதுவும் தெரியாமல் கிடந்தது. லோகேஸ்வரன் முதலில் பெரிய அதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு சர்பஞ்சைக் கூப்பிட்டான். யாரும் இறங்கவில்லை. கடைசியில் கத்தினான்.

“கன்னையா தண்ணி விக்கல. ஏரிய நான் வெட்டல. ஒரே ஒரு பள்ளம்தான் வெட்னேன்.”

“தெலுகுலயும் சொல்லு சார்,” என்றார் கன்னையா. “ஆபீசருங்க நிக்கிறாங்க.”

தெலுங்கிலும் சொன்னான். குரல் தண்ணீருக்கு மேலாக வந்ததால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. பெரிய அதிகாரி போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். கீர்த்தி படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊரார் யாரும் கன்னையாவைப் பார்க்கவில்லை.

மணியம்மா அருகே வந்தாள். “தெரியாம பேசிட்டேன் மாமா.”

“தெரிஞ்சிதான் பேசின,” என்றார் கன்னையா.

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விலகினாள். சர்பஞ்ச் மறுபடியும் கையைப் பிடித்தார். “அதான் சொல்லிட்டான் இல்ல. கூட்டினு வாப்பா. பாவம்.”

அதற்குள் ப்ரியம்வதா பஸ்ஸிலிருந்து அளவுக் கழியையும் கயிற்றையும் எடுத்து வந்திருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். “கன்னையா, நான் பத்து இடத்துல அளக்கணும். பள்ளம் இல்லாத பக்கமா பாத்து, இந்த முனையைப் பிடிச்சுக்கறேளா?”

கன்னையா கயிற்றை வாங்கிக்கொண்டார். கல் இருந்த திசையை விட்டு, வடக்குக் கரைப் பக்கமாக அவளைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். முதல் இடத்தில் கழியை ஊன்றி அவள் குனிந்து பார்த்தாள்.

“எழுபத்திரண்டு சென்டிமீட்டர்.”

“எழுதிக்கோங்கம்மா,” என்றார்.

நடு ஏரியிலிருந்து அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அவள் எழுதி முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, அவர் அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்.